கொரோனா பேட்ச் டாக்டர்னா அரைகுறை டாக்டரா? பெருந்தொற்று வந்தா மருத்துவப் படிப்புல உண்மையில எது நின்னு போகுது

போன மாசம் ஒரு கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்துக்கிட்டு இருந்தப்போ பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர் சொன்னார், "இப்ப வர்ற சின்ன டாக்டருங்க கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும் சார், எல்லாம் கொரோனா பேட்ச், வீட்டுல உக்காந்து செல்போன்லயே படிச்சு பாஸ் பண்ணவங்க"ன்னு. அவருக்கு அடுத்து நின்னவர் விடல, "என்னங்க அப்படிச் சொல்றீங்க, கொரோனா வார்டுலயே ராப்பகலா நின்ன பசங்க, அவங்களுக்கு இருக்கற அனுபவம் வேற யாருக்கு வரும்"னார். நான் ஒரு அரசு மருத்துவக் கல்லூரில ஜெனரல் மெடிசின்ல பாடம் எடுக்கறவன், அந்த ரெண்டு வருஷமும் அதே பசங்களோட இருந்தவன், ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அதுக்குள்ள பந்தில எடம் கிடைச்சிருச்சு. அன்னிக்கு சொல்ல முடியாததை இங்க எழுதறேன். மருத்துவம் தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரிதான் எழுதப் போறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். 2020ல நம்ம ஊர்ல "அரியர் எழுதக் காசு கட்டினவங்க எல்லாம் பாஸ்"னு ஒரு அறிவிப்பு வந்துச்சே, ஞாபகம் இருக்கா, அது கலை அறிவியல், இன்ஜினியரிங் மாதிரி படிப்புகளுக்கு. எம்பிபிஎஸ்ஸுக்கு அப்படி எதுவும் கிடையாது. பரீட்சை தள்ளிப் போச்சு, ஆனா நடந்துச்சு, தியரியும் நடந்துச்சு, ப்ராக்டிகலும் நடந்துச்சு. அதனால "சும்மா பாஸ் போட்டு விட்டாங்க"ங்கறது சரியில்ல. அப்போ பிரச்சினையே இல்லையான்னா, இருக்கு, ஆனா அது வேற எடத்துல இருக்கு.

டாக்டர் படிப்புல எது எங்க நடக்குது

எம்பிபிஎஸ் நாலரை வருஷம், அதுக்கப்புறம் ஒரு வருஷம் ஆஸ்பத்திரில வேலை. அந்தக் கடைசி ஒரு வருஷத்துக்குப் பேர் சிஆர்ஆர்ஐ, பழைய ஆளுங்க ஹவுஸ் சர்ஜன்னு சொல்வாங்க, டாக்டர் மாதிரியே வேலை பாக்கணும் ஆனா மேல ஒருத்தர் பொறுப்புல இருப்பார்.

முதல் வருஷம் உடம்பு எப்படி இருக்கு, எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கறது. ரெண்டாம் வருஷத்துல இருந்து காலைல மூணு மணி நேரம் வார்டுக்குப் போயிடணும். இதுக்குத்தான் கிளினிக்கல் போஸ்டிங்னு பேர், அதாவது இத்தனை வாரம் மெடிசின், இத்தனை வாரம் சர்ஜரி, இத்தனை வாரம் குழந்தைகள் வார்டுன்னு முறை போட்டு அனுப்புவாங்க. அங்க போய் ஒரு நோயாளி பக்கத்துல உக்காந்து கதை கேக்கணும், எப்ப ஆரம்பிச்சுது, எங்க வலி, சாப்பாடு எறங்குதா, என்ன வேலை பாக்கறீங்க, அப்புறம் உடம்பைத் தொட்டு, தட்டி, ஸ்டெத் வச்சுப் பாக்கணும், பாத்ததை எழுதி சார் கிட்ட ஒப்பிக்கணும். நாங்க இதை 'கேஸ் எடுக்கறது', 'கேஸ் ப்ரெசன்ட் பண்றது'ன்னு சொல்வோம். சார் அந்த எடத்துலயே திருத்துவார், சில பேர் திட்டவும் திட்டுவாங்க.

பெருந்தொற்று வந்தப்போ மத்தியான லெக்சர் அப்படியே கூகுள் மீட்டுக்கும் ஜூமுக்கும் போயிருச்சு. காலை மூணு மணி நேரம் எங்கயும் போகல. அது அப்படியே காணாமப் போச்சு.

பாகு பதம் வீடியோல வருமா

வீட்டுல அதிரசம் போடறவங்களுக்கு இது நல்லாப் புரியும். வெல்லம் எவ்வளவு, தண்ணி எவ்வளவு, எத்தனை நிமிஷம் காய்ச்சணும், எல்லாத்தையும் எழுதி வச்சுக்கலாம், யூட்யூப்ல நூறு வீடியோ இருக்கு. ஆனா பாகு பதம் வந்துச்சான்னு எப்படிப் பாக்கறாங்க, ஒரு சொட்டு எடுத்து தண்ணில விட்டு விரலால உருட்டிப் பாக்கறாங்க. அந்த உருட்டல்ல கெட்டியாகுதா கரையுதான்னு விரலுக்குத்தான் தெரியும். முதல் தடவை போடற பொண்ணுக்கு அது தெரியாது, பக்கத்துல பாட்டி நின்னுக்கிட்டு "இன்னும் வரல, இன்னும் வரல, இப்ப எறக்கு"ன்னு சொல்லிச் சொல்லி நாலு தீபாவளி போனா அந்த விரல் பழகிடும். இங்க மூணு விஷயம் சேருது பாருங்க: பதம் தொட்டுப் பாக்கறது, திரும்பத் திரும்பப் பண்றது, தப்பு பண்ணற அதே நேரத்துல பக்கத்துல இருந்து ஒருத்தர் திருத்தறது. மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் பதம் வராது.

நோயாளி படுக்கைப் பக்கத்துல வச்சுச் சொல்லிக் கொடுக்கறதும் இதேதான், அதுக்குப் பெட்சைடு டீச்சிங்னு பேர். ஈரல் வீங்கியிருக்கான்னு பாக்கறதை எடுத்துக்கோங்க. நோயாளி முட்டியை மடக்கிப் படுக்கணும், நாம வலது பக்கம் நின்னு கையை அடிவயித்துல வச்சு, அவர் மூச்சை இழுக்கும்போது காத்திருக்கணும், மூச்சோட சேர்ந்து ஈரல் கீழ எறங்கி வரும், விளிம்பு இருந்தா ஆள்காட்டி விரலோட பக்கத்துல வந்து மெதுவா ஒரு இடி இடிக்கும். இல்லைன்னா கையைக் கொஞ்சம் மேல நகத்தி மறுபடி அடுத்த மூச்சுக்குக் காத்திருக்கணும். இதைப் படிச்ச உங்களுக்கும் இப்ப 'எப்படி'ன்னு தெரியும். ஆனா அந்த இடி எப்படி இருக்கும்னு தெரியாது, எனக்கும் அதை எழுத்துல சொல்லத் தெரியல.

தெரியறது வேற, செய்யறது வேற

இதுக்கு ஒரு அழகான படம் இருக்கு. ஜார்ஜ் மில்லர்னு அமெரிக்காவுல மருத்துவக் கல்வியைப் பத்தியே யோசிச்ச ஒருத்தர், 1990ல ஒரு கூம்பு வரைஞ்சு காட்டினார், மில்லர் பிரமிட்னு சொல்வோம். அடிப்படி, விஷயம் தெரியும். ரெண்டாவது படி, எப்படிப் பண்ணணும்னு தெரியும். மூணாவது, யாராவது பாக்கும்போது செஞ்சு காட்ட முடியும். உச்சிப்படி, யாரும் பாக்காதபோதும், நடுராத்திரி மூணு மணிக்கு, தூக்கம் சொக்கறப்பவும் சரியா செய்யறது.

ஆன்லைன் வகுப்பு முதல் படியை நல்லாவே கொடுக்குது, சொல்லப்போனா சில பசங்களுக்கு லெக்சர் ஹால்ல கடைசி பெஞ்சுல உக்காந்ததை விட நல்லாவே கொடுத்துச்சு, புரியலைன்னா நிறுத்தி மறுபடி கேக்கலாம் இல்லையா. ரெண்டாவது படியையும் ஓரளவுக்குக் கொடுக்கும். மூணாவதுக்கு பொம்மை வச்சுப் பழகற லேப் இருக்கு, ரப்பர் கைல ஊசி போடலாம், ப்ளாஸ்டிக் நெஞ்சை அமுக்கி சிபிஆர் பழகலாம், இதுக்கு சிமுலேஷன்னு பேர், ஆனா அதுக்கும் பையன் காலேஜுக்கு வரணும். நாலாவது படிக்கு நிஜ மனுஷன் வேணும், வேற வழியே இல்ல.

இதுவரைக்கும் சொன்னதைச் சுருக்கிச் சொன்னா, பெருந்தொற்றுல பாடம் நிக்கல, பரீட்சை நிக்கல. கைப்பழக்கமும் பக்கத்துல நின்னு திருத்தற ஆளும்தான் நின்னு போச்சு.

அப்போ பசங்களை ஏன் வீட்டுக்கு அனுப்பினாங்க

நிறைய பேர் கேக்கற கேள்வி இது, "டாக்டருக்குப் படிக்கற பசங்களை ஊர்ல வியாதி வரும்போது வீட்டுக்கு அனுப்பலாமா, அப்பத்தானே ஆளு வேணும்"னு. கேள்வி நியாயமானதுதான். பதில் 2003ல ஹாங்காங்ல இருக்கு.

சார்ஸ்ங்கற, கொரோனா வகை வைரஸால வர்ற நுரையீரல் நோய் பரவின சமயம், அங்க பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஆஸ்பத்திரில 8ஏ-ங்கற வார்டுல ஒரு நோயாளி இருந்தார், அவருக்கு சார்ஸ்னு அப்ப யாருக்கும் தெரியாது. அந்த வார்டுக்கு வழக்கம்போல மருத்துவ மாணவங்க போனாங்க, கேஸ் பாத்தாங்க. அந்த ஆஸ்பத்திரில அப்ப நோய் வந்தவங்க பட்டியல்ல டாக்டருங்க, நர்ஸுங்களோட மருத்துவ மாணவங்க 16 பேர் இருந்தாங்க. அதுக்கப்புறம் ஹாங்காங்லயும் கனடாவுல டொரண்டோவுலயும் மாணவங்களோட வார்டு வேலையை நிறுத்திட்டாங்க.

யோசிச்சுப் பாத்தா காரணம் எளிது. மாணவன் வார்டுல நிக்கறது முக்கியமா அவன் கத்துக்கறதுக்கு, நோயாளிக்குத் தேவைப்படற ஆளா அவன் இன்னும் ஆகல. அவனுக்கும் ஒரு பிபிஈ கிட் வேணும், மாஸ்க் வேணும், 2020 மார்ச், ஏப்ரல்ல டாக்டருக்கே கிட் பத்தல. அவன் ஒரு வார்டுல இருந்து இன்னொரு வார்டுக்கு, அங்க இருந்து ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போறான், நூறு பேரோட சேர்ந்து சாப்பிடறான். அவன் மூலமா இன்னும் நாலு வார்டுக்கு நோய் போகும். 2020 மார்ச் 17ல அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நோயாளியை நேர்ல பாக்கற வேலைல இருந்து மாணவங்களை விலக்கச் சொல்லி அறிவுறுத்துச்சு, இங்க மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவிச்சதுக்கு முன்னாடியே ஹாஸ்டல் காலியாக ஆரம்பிச்சிருச்சு. அனுப்பினது தப்புன்னு நான் இப்பவும் சொல்ல மாட்டேன்.

அதே சமயம் இன்னொரு பக்கம் கடைசி வருஷத்தை நெருங்கினவங்களை சீக்கிரமா உள்ள இழுத்தாங்க. இத்தாலில மருத்துவம் முடிச்சவங்க எழுத வேண்டிய அரசுத் தேர்வை 2020 மார்ச்ல ரத்து பண்ணிட்டு சுமார் 10,000 பேரை நேரா வேலைக்கு வர வழி பண்ணாங்க, பிரிட்டன்ல கடைசி வருஷ மாணவங்களுக்கு முன்கூட்டியே பட்டம் கொடுத்தாங்க. அதாவது பெருந்தொற்று வந்தா மாணவங்க ரெண்டா பிரியறாங்க, ஒரு கூட்டம் வார்டை விட்டு வெளிய, இன்னொரு கூட்டம் கொஞ்சம் முன்னாடியே உள்ள. கல்யாண வீட்டுல ரெண்டு பெரியவங்களும் இந்த ரெண்டு கூட்டத்துல ஆளுக்கு ஒண்ணை மட்டும் பாத்துட்டுத்தான் பேசினாங்க.

ஆஸ்பத்திரியே மாறிப் போச்சு

இது வெளிய இருக்கறவங்களுக்கு அவ்வளவா தெரியாது. பசங்களை மறுபடியும் வார்டுக்கு விட்டாலும் அங்க கத்துக்க வேண்டிய நோயாளி இல்ல.

சாதாரண நாள்ல ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குள்ள போனா எல்லா வியாதியும் இருக்கும். குடல் இறக்கம், கழுத்துல தைராய்டு கட்டி, கால்ல நரம்பு சுருண்டது, சர்க்கரைப் புண், மஞ்சள் காமாலை, இதய வால்வு சுருங்கினது, கண்புரை. இந்தக் கலவைதான் எங்க நிஜமான பாடப் புத்தகம். 2020ல அவசரம் இல்லாத ஆபரேஷன் எல்லாத்தையும் தள்ளி வச்சாங்க, ஓபிக்கு வர மக்கள் பயந்தாங்க, பஸ்ஸும் ஓடல. சென்னைல ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரி, கோயம்புத்தூர்ல ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி மாதிரி எடங்களை முழுக்க கொரோனாவுக்குன்னே மாத்திட்டாங்க. அங்க படிக்கற பையனுக்கு குடல் இறக்கம் எங்க கிடைக்கும்? புத்தகத்துல எல்லாப் பக்கத்தையும் கிழிச்சுட்டு ஒரே ஒரு பக்கத்தை ஆயிரம் பிரதி எடுத்து வச்ச மாதிரி ஆயிருச்சு.

இது ஏன் பெரிய விஷயம்னா, டாக்டர் யோசிக்கறது பெரும்பாலும் முன்ன பாத்ததோட ஒப்பிட்டுத்தான். நோயாளி சொல்ற கதையில இருந்தும் உடம்புல பாத்ததுல இருந்தும் இது இன்னதா இருக்கும், இது இல்ல, இதை முதல்ல பாத்தாகணும்னு தலைக்குள்ள சலிச்சு எடுக்கறாங்களே, அதுக்கு கிளினிக்கல் ரீசனிங்னு பேர். மார்க்கெட்ல வெண்டைக்காய் நுனியை ஒடிச்சுப் பாத்து முத்தலா பிஞ்சான்னு சொல்றவங்க ஒரே நாள்ல அதைக் கத்துக்கல, ஆயிரம் காயை ஒடிச்சிருக்காங்க, முத்தலும் ஒடிச்சிருக்காங்க பிஞ்சும் ஒடிச்சிருக்காங்க. பிஞ்சு மட்டுமே பாத்தவங்களுக்கு முத்தல் தெரியாது. அதே மாதிரி காய்ச்சல்னு வந்த ஆயிரம் பேருக்கும் கொரோனாவே இருந்தா, ஆயிரத்து ஓராவதா வர்ற டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் டைபாய்டையும் மூளைக்காய்ச்சலையும் பிரிச்சுப் பாக்கற கண்ணு எப்படி வரும்?

2020 டிசம்பர், ஒரு வயிறு

எங்க காலேஜ்ல கடைசி வருஷப் பசங்க திரும்பி வந்தது 2020 டிசம்பர்ல. அதுக்கு முன்ன எட்டு மாசம் நான் அவங்களுக்கு மீட்ல பாடம் எடுத்திருந்தேன். அந்த பேட்ச்ல ஒரு பொண்ணு, எந்தக் கேள்வி கேட்டாலும் மைக்கை ஆன் பண்ணி முதல்ல பதில் சொல்லும், ஈரல் வீங்கறதுக்கு என்னென்ன காரணம்னா மூச்சு விடாம சொல்லும், அதுல வலிக்கற வீக்கம் எது வலிக்காதது எதுன்னு பிரிச்சும் சொல்லும்.

முதல் நாள் வார்டுல ஒரு லோடுமேன் அண்ணன் படுத்திருந்தார், ஈரல் நாலு விரக்கடை எறங்கியிருந்துச்சு. இந்தப் பொண்ணை "போம்மா, பாரு"ன்னேன். க்ளவுஸ், மாஸ்க், அதுக்கு மேல ஃபேஸ் ஷீல்டு, எல்லாம் போட்டுக்கிட்டு போச்சு. நேரா விலா எலும்புக்கு அடியில கையை வச்சு அமுக்குச்சு. அவர் வயித்தை எக்கிட்டார். சில்லுனு கை பட்டா யாரும் எக்கத்தான் செய்வாங்க. வயிறு பலகை மாதிரி ஆயிருச்சு, கைக்கு ஒண்ணும் கிடைக்கல, இன்னும் அழுத்துச்சு, அவர் முகம் சுருங்குச்சு, பொண்ணு அவர் முகத்தைப் பாக்கவே இல்ல, தன் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் என்னைப் பாத்து "ஈரல் தட்டுப்படல சார்"ன்னுச்சு.

அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. கையைத் தேய்ச்சு சூடு பண்ணிக்கணும், "அண்ணே வயித்தைத் தொடப் போறேன், வலிச்சா சொல்லுங்க"ன்னு முதல்ல சொல்லணும், கீழ இருந்து ஆரம்பிக்கணும், ஆரம்பத்துல இருந்து முடியற வரைக்கும் கண்ணு நோயாளி முகத்துல இருக்கணும், இதெல்லாம் ரெண்டாம் வருஷத்துல யாரோ ஒரு பிஜி, அதாவது மேற்படிப்பு படிக்கற டாக்டர், பக்கத்துல நின்னு பத்து தடவை சொல்லிப் பழக்கி விட்டிருப்பாங்க, அந்தப் பழக்கம் எட்டு மாசத்துல துரு பிடிச்சுப் போச்சு. இதுக்கு அப்ப ரெண்டாம் வருஷத்துல இருந்த பேட்ச் நிலைமை இன்னும் கஷ்டம், கடைசி வருஷத்துக்குத் துரு பிடிச்சது, அவங்களுக்கு அந்தப் பழக்கம் உருவாகற நேரத்துலயே வார்டு மூடிருச்சு.

அன்னிக்கு அந்தப் பொண்ணோட கை மேல என் கையை வச்சு, அண்ணனை மெதுவா மூச்சு இழுக்கச் சொல்லி, மூணாவது மூச்சுல அந்த விளிம்பு வந்து இடிச்சப்போ அந்தப் பொண்ணு கண்ணு விரிஞ்சதை மறக்க மாட்டேன். "சார், இதுவா"ன்னுச்சு. படுத்திருந்த அண்ணன், "என்ன பாப்பா, கண்டுபிடிச்சிட்டியா"ன்னு கேட்டார்.

முதல் வருஷத்துக்கு என்ன ஆச்சு

இது சீக்கிரம் சொல்லிடலாம். முதல் வருஷத்துல பெரிய இழப்பு டிஸெக்ஷன். ஒரு பாடியைச் சுத்தி பசங்க நின்னு தோலைப் பிரிச்சு, நரம்பைத் தேடி, ரத்தக்குழாயைத் தொடர்ந்து போய்ப் படிக்கறது. 2019 பேட்ச்சுக்கு ஏழெட்டு மாசம் கிடைச்சிருந்துச்சு, பாதி உடம்பு முடிஞ்சிருந்துச்சு, மீதியைப் படத்துலயும் வீடியோலயும் பாத்தாங்க. 2020ல நீட் தேர்வே மே 3ல நடக்க வேண்டியது செப்டம்பர் 13க்குப் போச்சு, அந்த பேட்ச் 2021 பிப்ரவரிலதான் உள்ள வந்தாங்க, வந்து சில மாசத்துலயே ரெண்டாவது அலை. வருஷத்தைச் சுருக்கி, லீவைக் குறைச்சு ஓட்டினாங்க. உடற்கூறு பின்னாடி சர்ஜரி படிக்கும்போது மறுபடி வரும், ஸ்கேன் பாக்கும்போது வரும், அதனால இந்த ஓட்டையை அடைக்க வழி இருக்கு.

சிஆர்ஆர்ஐ: கிணத்துல எறக்கி விட்ட நீச்சல்

நம்ம ஊர்ல நீச்சல் எப்படிக் கத்துக் கொடுப்பாங்க, இடுப்புல சுரைக்காயோ ட்யூபோ கட்டி எறக்குவாங்க, மாமா படில நிப்பார், கொஞ்ச நாள் கழிச்சு ட்யூபை அவுப்பாங்க, அப்பவும் மாமா படிலதான் நிப்பார், கடைசில ஒரு நாள் மாமா மேல வரப்புல உக்காந்திருப்பார், நாம தனியா நீந்துவோம். சிஆர்ஆர்ஐ வருஷம் அதேதான். அந்த பேட்ச் பசங்களுக்கு மெடிசின் ரெண்டு மாசம், சர்ஜரி ரெண்டு, பிரசவ வார்டு ரெண்டு, கிராமத்துப் பக்கம் ரெண்டு, குழந்தைகள் ஒண்ணு, எலும்பு ஒண்ணு, மீதியை காது மூக்கு தொண்டை, கண், கேஷுவால்டின்னு பிரிச்சு எல்லாக் கிணத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எறக்குவாங்க.

2021 மே மாசம், ரெண்டாவது அலை உச்சத்துல, மே 3ஆம் தேதி மத்திய அரசு அறிவிச்சது: சிஆர்ஆர்ஐ டாக்டருங்களை ஆசிரியருங்க மேற்பார்வைல கொரோனா வேலைக்குப் போடலாம், கடைசி வருஷ மாணவங்களை ஃபோன்ல ஆலோசனை சொல்லவும் லேசான நோயாளிகளைக் கண்காணிக்கவும் பயன்படுத்தலாம். எங்க பசங்க ஏற்கெனவே வார்டுலதான் இருந்தாங்க. ஆக்ஸிஜன் அளவு பாக்கறது, நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கறது, மணிக்கட்டுல தமனி ரத்தம் எடுக்கறது, சிலிண்டர் தீரப் போகுதுன்னு ஓடறது, இதெல்லாம் அவங்க எங்களை விட வேகமா பண்ணாங்க. எங்க சிஆர்ஆர்ஐ பையன் ஒருத்தன் பிபிஈக்குள்ள வேர்வை வழிய வழிய, தன் ஃபோனை ப்ளாஸ்டிக் கவர்ல போட்டு ஒரு அம்மா முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நின்னான், அந்தப் பக்கம் அவங்க மகன் "அம்மா, அம்மா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், அவங்களால பேச முடியல, கையை மட்டும் தூக்கினாங்க. இவனுக்கு அப்ப 23 வயசு. அவன் அன்னிக்குக் கத்துக்கிட்டது எந்த சிலபஸ்லயும் இல்ல.

ஆனா ஒரு கேள்வி இருக்கு. அதே பையனுக்கு அந்த வருஷத்துல எத்தனை பிரசவம் பாக்கக் கிடைச்சுது, எத்தனை மாவுக்கட்டு போட்டான், குழந்தைகள் வார்டுல எத்தனை நாள் நின்னான்? கொரோனா ட்யூட்டி, அப்புறம் தனிமைல இருக்க வேண்டிய நாள், நடுவுல அவனுக்கே காய்ச்சல், இதுல மத்த போஸ்டிங் எல்லாம் சுருங்கிப் போச்சு. ஒரே கிணத்துல வருஷம் பூரா நீந்தினான், அதுல அவனை அடிச்சுக்க ஆளில்ல, மத்தக் கிணத்தோட ஆழம் அவனுக்குத் தெரியாது.

இதுக்கு வரலாற்றுல ஒரு பழைய உதாரணம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1952ல டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன்ல போலியோ பரவிச்சு, மூச்சு விடற தசையே செயலிழந்து நோயாளிங்க, அதுல நிறைய குழந்தைங்க, செத்துக்கிட்டு இருந்தாங்க, செயற்கை சுவாசக் கருவி விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருந்துச்சு. ப்யோர்ன் இப்சன்னு ஒரு மயக்க மருந்து டாக்டர், தொண்டைல துளை போட்டு குழாய் வச்சு ரப்பர் பையைக் கையால அமுக்கி மூச்சு கொடுக்கலாம்னார். யார் அமுக்கறது, ராப்பகலா, வாரக்கணக்கா? சுமார் 1,500 மருத்துவ மாணவங்க ஷிஃப்ட் போட்டு உக்காந்து அமுக்கினாங்க. இறப்பு பெருமளவு குறைஞ்சுது, இன்னிக்கு இருக்கற ஐசியூங்கற ஏற்பாடே அங்க இருந்துதான் வளர்ந்துச்சு. அந்தப் பசங்க உயிரைக் காப்பாத்தினாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா பை அமுக்கின அந்த வாரங்கள்ல அவங்க பிரசவம் பாக்கக் கத்துக்கல. சேவை பண்ணதும் படிப்பு முடிஞ்சதும் ஒண்ணு கிடையாது, ரெண்டையும் தனித்தனியா மதிக்கணும்.

இந்தப் பகுதில சொன்னது இவ்வளவுதான்: வெளிய இருந்தவங்களுக்கு எல்லாமே கொஞ்சம் குறைஞ்சுது. உள்ள இருந்தவங்களுக்கு ஒண்ணு நிறையக் கிடைச்சு மத்தது குறைஞ்சுது.

மேல ஒரு பேட்ச் நின்னா கீழ இருக்கறவங்களுக்கு யார் சொல்லித் தருவா

இதை யாரும் பேசறதே இல்ல, அதனால கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன். வார்டுல எம்பிபிஎஸ் பையனுக்கு நிஜமா சொல்லிக் கொடுக்கறது பெரும்பாலும் ப்ரொஃபசர் இல்ல, பிஜி. பிஜின்னா எம்பிபிஎஸ் முடிச்சு எம்டி, எம்எஸ் படிக்கற மேற்படிப்பு டாக்டர். ராத்திரி பன்னெண்டு மணிக்கு "டேய் இங்க வா, இந்த மர்மரைக் கேளு"ன்னு கூப்பிட்டு ஸ்டெத்தைக் காதுல மாட்டி விடறது அவங்கதான், மர்மர்னா இதயத்துல கேக்கற வித்தியாசமான சத்தம்.

அந்த பிஜி சேர்க்கைக்கான நீட் தேர்வு 2021 ஏப்ரல் 18ல நடக்க வேண்டியது, தள்ளி வச்சு, செப்டம்பர் 11ல நடந்துச்சு. அப்புறம் இடஒதுக்கீடு வழக்கு, கலந்தாய்வு ஆரம்பிச்சது 2022 ஜனவரி 12. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு வருஷத்துக்குப் பக்கமா எந்த ஆஸ்பத்திரிலயும் புது முதல் வருஷ பிஜி இல்ல. மூணு பேர் பாக்க வேண்டிய வேலையை ரெண்டு பேர் பாத்தாங்க, அதுவும் கொரோனாவுக்கு நடுவுல. முப்பத்தாறு மணி நேரமா தூங்காத பிஜி கிட்ட போய் "அக்கா, எனக்கு ஒரு கேஸ் டிஸ்கஸ் பண்ணுங்க"ன்னு எந்தப் பையன் கேப்பான், கேட்டாலும் அவங்களால என்ன சொல்லிக் கொடுக்க முடியும்? மாணவன் திரும்பி வந்தான், நோயாளியும் திரும்பி வந்தாங்க, பக்கத்துல நின்னு பதம் சொல்ற பாட்டி மட்டும் இல்ல.

வெளிநாட்டுல படிச்சவங்க

நம்ம பக்கத்துப் பசங்க நிறைய பேர் சீனாவுல எம்பிபிஎஸ் படிச்சாங்க. 2020 ஆரம்பத்துல ஊருக்கு வந்தவங்க, சீனா மறுபடி விசா கொடுக்க ஆரம்பிச்சது 2022 ஆகஸ்ட்ல. ரெண்டரை வருஷம் வீட்டு மொட்டை மாடில உக்காந்து ஆன்லைன் வகுப்பு. "செல்போன்லயே படிச்சவங்க"ங்கற பேச்சுக்கு அடிப்படை ஏதாவது இருக்குன்னா இங்கதான் இருக்கு, அதுலயும் அந்தப் பசங்களை நான் குறை சொல்ல மாட்டேன், போக வழி இல்லாம நின்னவங்க அவங்க. இவங்க வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துல இருந்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, கடைசில 2022 ஜூலைல தேசிய மருத்துவ ஆணையம் ஒரு வழி சொல்லுச்சு: படிப்பை அப்படி வீட்டுல இருந்தே முடிச்சு 2022 ஜூன் 30க்குள்ள சான்றிதழ் வாங்கினவங்க தகுதித் தேர்வு எழுதலாம், ஆனா பாஸானதுக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்குப் பதிலா ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரில வேலை பாக்கணும். நான் மேல சொன்ன பாகு பதக் கதையை அரசாங்கமே ஏத்துக்கிட்டதாத்தான் இதை நான் பாக்கறேன். விட்டுப் போனது பாடம்னா இன்னொரு பரீட்சை வச்சிருப்பாங்க, விட்டுப் போனது கைப்பழக்கம்ங்கறதால நாளைக் கூட்டினாங்க.

ஒண்ணுமே கிடைக்கலையா

கிடைச்சுது. ஃபோன்ல, வீடியோல நோயாளியைப் பாக்கறதுக்கு இந்தியாவுல தெளிவான விதிமுறை வந்ததே 2020 மார்ச் 25ல, ஏப்ரல்ல இ-சஞ்சீவனி ஓபிங்கற அரசோட ஆன்லைன் மருத்துவ ஆலோசனைச் சேவை ஆரம்பிச்சுது, தமிழ்நாட்டுல நிறைய பயன்படுத்தினாங்க. தொட முடியாத நோயாளி கிட்ட கேள்வியாலயே எவ்வளவு தூரம் போக முடியும்னு அந்தப் பசங்க பாத்தாங்க, கதை கேக்கறதுல அவங்க நிறைய பேர் எங்களை விடப் பொறுமைசாலிங்க. கை கழுவறது, மாஸ்க் போடறது, ஒரு வார்டுல இருந்து இன்னொண்ணுக்கு நோயைக் கொண்டு போகாம இருக்கறது, இதை நாங்க படிச்ச காலத்துல மைக்ரோபயாலஜி நோட்டுல எழுதி மறந்துட்டோம், இவங்களுக்கு அது ரத்தத்துல ஊறிருச்சு.

இப்ப அந்தப் பேட்ச்சுங்க எப்படி

இழந்தது கைப்பழக்கம்னா அதைத் திரும்பப் பிடிக்கவும் முடியும், ஏன்னா அறிவு மாதிரி அது நாலரை வருஷத்தோட முடியற விஷயம் இல்ல, வேலைக்குப் போன எடத்துலயும் தொடரும். ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு வருஷம் நின்னவங்களுக்கு விட்டுப் போன பிரசவம் கைக்கு வந்திருக்கும், கேஷுவால்டில ஆறு மாசம் நின்னவங்களுக்கு தையல் வந்திருக்கும். அதனால ஒரு இளம் டாக்டரை அவர் சேர்ந்த வருஷத்தை வச்சு எடை போடறது அர்த்தமில்லாத வேலை, அவர் அதுக்கப்புறம் எங்க நின்னார், யார் பக்கத்துல நின்னார்ங்கறதுதான் கணக்கு. உங்களைப் பரிசோதிக்கற டாக்டர் உங்க வயித்தைத் தொடும்போது உங்க முகத்தைப் பாக்கறாரான்னு கவனிங்க, தெரியாத இடத்துல "ஒரு நிமிஷம், சீனியர் கிட்ட கேட்டுக்கறேன்"னு சொல்றாரான்னு பாருங்க. சொன்னா தாராளமா நம்பலாம்.

அடுத்த தடவைக்கு எங்களை மாதிரி ஆளுங்க செய்ய வேண்டியது சிலது இருக்கு. பிபிஈ கணக்கு எடுக்கும்போது மாணவனையும் ஒரு தலையா சேர்த்துக்கணும், அப்பத்தான் அவனை உள்ள விட முடியும். நூறு பேரை ஒண்ணா அனுப்பாம அஞ்சு அஞ்சு பேரா ஒரே வார்டுக்கு மட்டும் அனுப்பினா காலை மூணு மணி நேரத்துல ஒரு மணி நேரமாவது மிஞ்சும். சிஆர்ஆர்ஐ வருஷத்துல எந்த போஸ்டிங் விட்டுப் போச்சுன்னு ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா எழுதி வச்சு, அலை ஓய்ஞ்சதும் அந்த நாட்களை மட்டும் திருப்பிக் கொடுக்கணும், எல்லாருக்கும் ஒரே மாதிரி நீட்டிச்சா பிரயோஜனம் இல்ல. எங்க டிபார்ட்மெண்ட்ல 2021 கடைசில இருந்து சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் வார்டைத் திறந்து விட்டோம், அட்டெண்டன்ஸ் கிடையாது, மார்க் கிடையாது, வர்றவங்க வரலாம், ஒரு கேஸ் எடுக்கலாம், நாங்க ஒருத்தர் பக்கத்துல நிப்போம். முதல் சனிக்கிழமை நாலு பேர் வந்தாங்க. மூணாவது சனிக்கிழமை படுக்கையைச் சுத்தி நிக்க எடம் இல்ல, முன்ன ஈரல் தட்டுப்படலன்னு சொன்ன அந்தப் பொண்ணு அப்ப சிஆர்ஆர்ஐ, ட்யூட்டி முடிஞ்சும் போகாம ஒரு ஜூனியர் பையனோட கையைப் பிடிச்சு, "முதல்ல தேய்ச்சு சூடு பண்ணுடா, அப்புறம் வை"ன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு.